கீழ்வானத்தில் மேகமில்லை

ஆவுடையப்பனுக்கு முதலில் காணாமல் போனது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்.

பத்து வருடங்களுக்கு முன்னால் அவர் ஒரு டெலஸ்கோப் வாங்கினார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த காலம் அது. அடியில் ஐந்து அங்குலக் கண்ணாடி வைத்த குழாய், மூன்று கால் ஸ்டாண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில், பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போகிற ரோட்டில் அவர் வீடு. மேற்கே மலை, கிழக்கே ஊரும் கோயில் கோபுரமும், நடுவில் தென்னந்தோப்பு. மொட்டை மாடியில் ஸ்டாண்டைப் போட்டு, மனைவி காளீஸ்வரிக்கும் ஏழு வயது மகள் யோகேஸ்வரிக்கும் சனியின் வளையத்தைக் காட்டினார். “யாரோ வரைஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கு மாமா” என்றாள் காளீஸ்வரி. அவள் அவருடைய அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு அவர் மாமாதான்.

கார்த்திகைக் கூட்டத்தில் வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் எண்ணுவார். ஒரு வருடம் நான்கு தெரிந்தது. அடுத்த வருடம் இரண்டு. டெலஸ்கோப்பிலும் மங்கலாகவே தெரிந்ததால், கண்ணாடியில் தூசி என்று நினைத்து அதைக் கழற்றிக் கழுவினார். பிறகு மில் புகை என்றார். ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து வரும்போது மில் வாசலில் நின்ற டிராலியில் மோதி முழங்கால் கிழிந்தது. மதுரைக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டினார். தனியாகத்தான் போனார்.

விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். முதலில் இருட்டில் பார்வை போகும். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை. நடுவில் மட்டும் ஒரு குழாய் அளவுக்குக் கொஞ்ச காலம் மிஞ்சியிருக்கும். மருந்து கிடையாது.

“சொந்தத்துல கல்யாணமா?”

“ஆமா சார். அக்கா மக.”

“பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு.”

“ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம். இது குடும்பத்துல வர்றது.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில், “வயசுக் கோளாறாம், சத்து மாத்திரை குடுத்திருக்காக” என்று மட்டும் சொன்னார். நோயின் பேரைக் காளீஸ்வரி தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆனது. பிள்ளையைக் கூட்டிவரச் சொன்ன பேச்சை அவர் அவளிடம் எடுக்கவே இல்லை. பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று நினைத்தார். முடிந்ததும் லீவு முடியட்டும் என்று நினைத்தார். இப்படியே நான்கு வருடம் ஓடிவிட்டது. மில்லில் அவரைப் பகல் ஷிப்டு ஸ்டோருக்கு மாற்றினார்கள். டெலஸ்கோப் பீரோவுக்குப் பின்னால் போர்வை சுற்றிக் கிடந்தது.

அதைத் திரும்ப வெளியே எடுக்க வைத்தவள் யோகேஸ்வரிதான். அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் கடைசியில் விடிவதற்கு முன் கிழக்கே ஒரு வால்நட்சத்திரம் தெரியும் என்று செய்தி வந்திருந்தது.

“அப்பா, கண்ணை வச்சுப் பாத்தாதான உங்களுக்குத் தெரியாது? கேமராவ மாட்டி டிவியில போட்டா தெரியும்ல? டிவியில நீங்க மேட்ச் பாக்கீகளே.”

அது சரிதான். இருட்டுதான் அவருக்குப் போய்விட்டதே தவிர, வெளிச்சமான திரையில் கண்ணை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் இன்னும் தெரிந்தது.

ராஜபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த சூர்யபிரகாஷ் அவருக்குப் பழக்கம். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, கேமராக்கள் சும்மாதான் இருந்தன. பழைய கேமரா ஒன்றைப் பையோடு கொடுத்தார். “லென்ஸ் வேண்டாமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“டெலஸ்கோப்தான் லென்ஸு” என்றார் ஆவுடையப்பன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

கேமராவில் லென்ஸ் மாட்டுகிற இடத்தில் ஒரு வளையம் மாட்ட வேண்டும். அந்த வளையத்தில் ஒரு சின்னக் குழாயைத் திருகி, டெலஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் செருக வேண்டும். வளையம் கூரியரில் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மாடியில் வைத்து மாட்டிப் பார்த்தார்கள். கேமரா கச்சிதமாக உட்கார்ந்தது. குழாயை மேற்கே திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு நேராகத் திருப்பினார்கள். கேமராத் திரையில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. எவ்வளவு திருகியும் மண்டபம் தெளியவில்லை.

“கேமரா இன்னும் உள்ள போகணும்பா. போக எடமில்ல.”

அவருக்கு விஷயம் புரிந்தது. பிம்பம் விழுகிற இடம் குழாய்க்குள்ளேயே இருந்தது. கேமராவின் உடம்பு தடிமனானது, அதை அவ்வளவு உள்ளே தள்ள முடியாது. பிம்பத்தை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால், அடியில் இருக்கிற பெரிய கண்ணாடியை மேலே ஏற்ற வேண்டும்.

மறுநாள் காலை முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றிக் காளீஸ்வரி மடியில் வைத்தார். கண்ணால் பார்த்ததைவிட விரலால் தடவிப் பார்த்ததுதான் அதிகம். நான்கு சென்டிமீட்டர் மேலே மூன்று இடத்தில் குறி போட்டு, ட்ரில் வைத்துத் துளைத்தார். காளீஸ்வரி கேட்டாள்:

“மாமா, இப்படி மாத்திட்டா பொறவு கண்ணு வச்சுப் பாக்க முடியுமா?”

“முடியாது. அதுக்கு இன்னொரு குழாய் வாங்கிச் சேக்கணும்.”

“வாங்கலையா?”

“யாரு பாக்கப் போறா?”

அவள் கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு வானத்தில் வெளிறிப்போய் நின்ற அரை நிலாவைப் பிடித்தார்கள். கேமராவிலிருந்து வயரை இழுத்து, மாடிப்படிக் கூரைக்குக் கீழே ஸ்டூலில் வைத்த டிவியில் சொருகினாள் யோகேஸ்வரி. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் பார்வை. அந்த ரூபாயை நிலாவின் ஓரத்தில் வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். ஒரு பள்ளம். அதற்குள் ஒரு மேடு. மேட்டுக்குப் பக்கத்தில் அதன் நிழல்.

“தெரியுதாப்பா?”

“தெரியுதுட்டி” என்றார். யோகேஸ்வரி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். போகஸ் நின்ற இடத்தில் குழாயில் ஒரு கோடு கீறி வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை வால்நட்சத்திரத்தைப் பார்க்க முடியவில்லை. புரட்டாசிச் சனி. பெருமாள் மலைக்குப் போகிற வேன்களும் ஆட்டோக்களும் அதிகாலை மூன்று மணியிலிருந்தே ரோட்டை நிறைத்தன. வீட்டுக்கு எதிரே பானகப் பந்தல் போட்டு ட்யூப்லைட் கட்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் வானமே தெரியவில்லை என்றாள் காளீஸ்வரி. ஞாயிறு விடியலுக்குத் தள்ளி வைத்தார்கள்.

ஞாயிறு நாலரை மணிக்கு அப்பாவும் மகளும் மாடிக்குப் போனார்கள். ரோடு காலியாக இருந்தது. கண் இருட்டுக்குப் பழக வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது என்று ஆவுடையப்பன் முந்தின நாளே சொல்லியிருந்தார். அவருக்கு அது பழகினாலும் ஒன்றுதான், பழகாவிட்டாலும் ஒன்றுதான். கைப்பிடிச் சுவரைத் தடவியபடி போய்த் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே தேய்பிறை நிலா ஒரு கீற்று மட்டும், அதுவும் தலையை அசைத்து அசைத்துத் தேடிய பிறகு அகப்பட்டது.

யோகேஸ்வரியின் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு அடி. பிறகு ஸ்டாண்டின் காலில் எதுவோ இடித்தது.

“பாத்துட்டி.”

“ஒண்ணுமில்லப்பா.”

கேமராவை ஆன் செய்யும் சத்தம். குழாய் நகரும் சத்தம். செத்த நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி குழாய் நகர்ந்தது. அவர் கடிகாரத்தை அமுக்கினார். அது நேரத்தைச் சொல்லும் கடிகாரம். ஐந்து மணி மூன்று நிமிடம்.

“என்னட்டி, கிடைச்சுதா?”

“மேகமா இருக்குப்பா. கீழ பூரா மேகம்.”

“செத்த பொறு. விலகும்.”

“விலகாது போல. அடர்த்தியா இருக்கு. நாளைக்குப் பாப்பமா?”

அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அது சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விடும். அதற்குப் பின் மாலையில் மேற்கே வரும், மலை மறைக்கும், மழையும் தொடங்கிவிடும். சரி, இன்னும் இரண்டு விடியல் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அப்போதுதான் காளீஸ்வரி காபி டம்ளர்களோடு மேலே வந்தாள்.

“ஆத்தீ, எம்புட்டு நட்சத்திரம்! வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கு” என்றாள். “மாமா, அந்தா கோபுரத்துக்கு வலப்பக்கம், கீழ, விரலால தேச்சு விட்ட மாதிரி ஒண்ணு தெரியுதே. அதுவா?”

காளீஸ்வரி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கீழ மேகம் இல்லையா காளி?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“மேகமா? ஒரு துணுக்குக் கூட இல்ல.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகள் நின்ற பக்கம் திரும்பினார். அவளை அவருக்குத் தெரியவில்லை. அந்த இருட்டில் அவளுக்கும் தன்னைத் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“யோகா. நெலாவ விட்டுட்டு வேற என்ன தெரியுது உனக்கு?”

அவள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“எத்தனை நட்சத்திரம் தெரியுது? சொல்லு தாயி.”

“ஒண்ணு” என்றாள். “தலைக்கு மேல ஒண்ணு. பெருசா.”

அது வியாழன் கிரகம்.

ஆவுடையப்பனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பொழுது சாய்ந்தால் மாடிக்கு வரமாட்டாள், கொசு என்பாள். கரண்டு போனால் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். போன மார்கழியில் கட்டில் காலில் இடித்து நகம் பெயர்ந்தபோது, “நடக்கும்போது கண்ணு எங்க இருக்கு?” என்று அவரே திட்டியிருக்கிறார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அது அவருடைய நடை. இத்தனை வருடம் மில்லில் யாருக்கும் தெரியாமல் நடந்து பழகிய நடைதான்.

“எப்ப இருந்து?”

“பத்தாப்புல இருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்னப்பா செய்வீக?” அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டாள். “உங்களுக்கே மருந்து இல்லன்னுட்டாக. எனக்கு மட்டும் இருக்குமா?”

காளீஸ்வரி டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “நாளைக்கே மதுரைக்குப் போவோம். டாக்டர்கிட்ட காட்டுவோம். ஆரம்பத்துலயே காட்டியிருந்தா ஏதாவது செஞ்சிருப்பாக. நமக்குத் தெரியாமப் போச்சே மாமா.”

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“எனக்குத் தெரியும் காளி” என்றார். “அன்னைக்கே டாக்டர் சொன்னாரு, பிள்ளைய ஒருதடவ கூட்டிட்டு வாங்கன்னு. நாந்தான் கூட்டிட்டுப் போகல.”

“என்னைக்கு?”

“நாலு வருசம் ஆச்சு.”

தோப்பில் ஒரு மட்டை விழுந்த சத்தம் கேட்டது. காளீஸ்வரி அழுவாள், கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் பேசியது யோகேஸ்வரிதான். “வெளுத்துரும். வாம்மா. அது எங்க இருக்குன்னு நீ காட்டு.”

“இப்ப அது ஒண்ணுதான் கேடா?”

“வாம்மா.”

காளீஸ்வரி எழுந்து வந்தாள். குழாய்க்கு மேலிருந்த சின்னக் குறிக்கண்ணாடியில் கண்ணை வைத்து, சிவப்புப் புள்ளியை அந்த மங்கலான கீற்றின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். கேமராத் திரை வெளிச்சமானது. யோகேஸ்வரிக்கு அது தெரிந்தது. குழாயை அவர் கீறிய கோட்டில் நிறுத்தினாள். இரண்டு செகண்டு, நான்கு செகண்டு என்று எடுத்துக்கொண்டே போனாள். கோபுரத்தின் பின்னால் வானம் சிவக்க ஆரம்பித்ததும் நிறுத்தினாள்.

ஒரு படம் நன்றாக வந்திருந்தது. டிவியில் போட்டாள். நீல இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதிலிருந்து மேலே விரிந்துகொண்டே போன வால். அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பொட்டைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து வாலைப் பிடித்து மெல்ல மேலே ஏறினார். பாதி வழியில் கண் நிறைந்து எல்லாம் கலங்கிவிட்டது. பக்கத்தில் மகள் ஒரே பார்வையில் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா வந்திருக்கு” என்றாள் அவள்.

காளீஸ்வரி திரையைத் திரும்பிப் பார்க்காமல் காபியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை மூவரும் மதுரைக்குப் போனார்கள். பஸ்ஸில் தாயும் மகளும் ஒரு சீட்டில், அவர் பின்னால். ஆஸ்பத்திரியில் யோகேஸ்வரியை ஒரு மெஷினுக்கு முன் உட்கார வைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றிலும் எங்கே வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் பட்டனை அமுக்க வேண்டும். ஆவுடையப்பனுக்கு அது தெரியும், வருடா வருடம் செய்கிறார். திரைச்சீலைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்தார். டிக். டிக். டிக். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. இப்போது பொட்டு ஓரத்தில் எங்கோ வந்து போயிருக்கும். ஒரு டிக். மறுபடி ஒன்றும் இல்லை. சத்தம் வராத ஒவ்வொரு நொடியும் அவர் தன் கையில் இல்லாத பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

அதே நோய்தான். டாக்டர் புதியவர், சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார். நான்கு வருடம் முன்னால் வந்திருந்தாலும் இதை நிறுத்தியிருக்க முடியாது என்றும் சொன்னார். காளீஸ்வரி அதைக் கேட்டாள். ஆனாலும் அவர் பக்கம் திரும்பவில்லை.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சூர்யபிரகாஷ் அந்தப் படத்தைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, வாட்ஸப்பிலும் போட்டார். மறுநாள் மில்லில் ஆள் ஆளாக ஸ்டோருக்கு வந்து கைகொடுத்தார்கள். “கலக்கிட்டீக அண்ணாச்சி” என்றார்கள். அவர் நன்றி சொன்னார். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னார்.

வீட்டில் காளீஸ்வரி அவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு வைப்பாள், துணி மடித்து வைப்பாள். சொல்ல வேண்டியதை யோகேஸ்வரியிடம் சொல்வாள். பத்து நாள் அப்படிப் போயிற்று. இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. மேற்கே வால்நட்சத்திரம் வந்ததா போனதா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் யோகேஸ்வரி புத்தகத்தை மூடிவிட்டு அவரிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அடுத்து என்ன போகும்பா?”

“என்னது?”

“நட்சத்திரம் போச்சு. அடுத்து? டாக்டரம்மா ஆளாளுக்கு மாறும்ங்காக. உங்களுக்கு என்ன போச்சு?”

அவர் இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார்.

“படி” என்றார். “மேல ஏறும்போது தெரியும். இறங்கும்போது எல்லாப் படியும் ஒண்ணாச் சேந்து சரிவு மாதிரி ஆயிரும். எது விளிம்புன்னு தெரியாது. அதுக்கப்புறம் பக்கத்துல வர்ற ஆளு. திடீர்னு மூஞ்சிக்கு முன்னால வந்து நிப்பாக.”

“எத்தனை வயசுல?”

“முப்பத்தெட்டு. எனக்கு மெதுவா வந்துச்சு. உனக்கு எப்படின்னு தெரியல.”

யோகேஸ்வரி தலையாட்டினாள். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய்விட்டு வந்தபோது வீட்டுக்கு வெளியே பெயின்ட் வாடை அடித்தது. காளீஸ்வரி மாடிப்படியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் ஒரு சின்னப் பிரஷ், பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் டப்பா. மேல் படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அடித்துக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். இன்னும் மூன்று படி பாக்கி இருந்தது.

அவர் கீழே நின்று பார்த்தார். கண்ணை முதல் பட்டையில் வைத்து, அடுத்ததற்கு ஏற்றி, அதற்கடுத்ததற்கு ஏற்றிப் பார்த்தார். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன.

“காளி” என்றார்.

அவள் நிமிரவில்லை. பிரஷை டப்பாவில் தோய்த்து, விளிம்பில் வழித்துவிட்டு, அடுத்த படியில் வைத்தாள்.

“காயல” என்றாள். “மிதிச்சிராதீக.”